பால் காய்ச்சப் போன வீடு

போன மாரிகாலம், பாரிசிலை லா சப்பல் பக்கம் நடந்தது இது. ரூ காய் எண்ட தெருவிலை ஒரு சாறிக்கடையிலை எனக்கு வேலை. குடியிருக்கிறது பாரிசுக்கு வெளியிலை. எங்கடை பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்துக் காணியிலை ஒரு பிரெஞ்சுக் குடும்பம் சில்லு வைச்ச கரவான் வீடு போட்டு இருந்தது. பரம்பரையாக் கரவானிலை வாழுற சனம். காணி அவையள் காசு குடுத்து வாங்கினது. ஆனா அது தோட்டக்காணி, அதிலை கரவான் வைச்சுக் குடியிருக்கேலாது எண்டு மெரி, அதுதான் நகரசபை, வழக்குப் போட்டுக் கரண்டையும் வெட்டிப்போட்டுது.

பஸ்சுக்கு நிக்கேக்கை அந்தக் குடும்பத்துப் பொம்பிளை எனக்குப் பழக்கமானா. என்னைப் போலை அவவுக்கும் வாய் கொஞ்சம் நீளம். வழக்குத் தோத்துப்போச்சு. கரவானைத் தூரத்திலை அவவின்ரை தமையன்ரை வளவிலை விட்டாச்சு. அவையளுக்கு எங்கடை கடைக்குக் கிட்ட, ரூ பஜோல் பக்கம், அஞ்சாம் மாடியிலை, அரசாங்கத்தாலை தற்காலிகமா ஒரு வீடு குடுத்தினம்.

சுடுதண்ணி, ஹீட்டர் எல்லாம் இருக்காம் எண்டு கேள்விப்பட்டு எனக்கெண்டால் பெரிய புளுகம், சந்தோசம் தாங்கேல்லை. புதுவீட்டுக்குப் போனால் நாங்கள் பால் காய்ச்சாமல் விடுவமே? வேலை முடிஞ்ச கையோடை புதுப்பானையும் பாலும் கற்கண்டும் வாங்கிக்கொண்டு போய் நிண்டன்.

அவ என்னைக் கட்டிப்பிடிச்சா. நான் நேரை குசினிக்கை போய்ப் பானையை வைச்சன். பால் பொங்கேக்கை, இனிக் கவலையில்லை, நல்ல வீடு கிடைச்சிட்டுது எண்டு பெரிய மனிசி மாதிரிச் சொன்னன். அவவின்ரை முகம் வாடிப்போச்சு.

“எங்களுக்கு வீடு இருந்ததுதானே, மடாம்” எண்டா.

பிறகு ஜன்னலடியிலை நிண்டு கதைச்சா. கரவான் கதவைத் திறந்தால் கால் புல்லிலை படுமாம். இஞ்சை கதவைத் திறந்தால் படிக்கட்டுத்தானாம். எப்ப வீட்டை போறது எண்டு கடைசிப் பெட்டை ஒவ்வொரு நாளும் கேக்கிறாளாம். மேல்முறையீடு செய்திருக்கினமாம். காணியிலை வைச்ச செர்ரி மரம் இந்த முறைதான் முதன்முதலாக் காய்க்கும், அதை ஆர் பாக்கிறது எண்டு அழுதா.

சண்டைக்குள்ளை ஆமி பிடிச்ச எங்கடை ஊர்க்காணி இன்னும் ஆமியிட்டைத்தான். உனக்கென்ன, பாரிசிலை வீடு இருக்குத்தானே எண்டு ஆரும் சொன்னால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். அதே கதையை நான் அந்த மனிசிக்குச் சொல்லிப்போட்டன். அவவின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். பாலைப் பிள்ளையள் குடிச்சிட்டுதுகள்.

வழக்கு இன்னும் முடியேல்லை. கடைக்குப் போக முன்னம் பிள்ளையார் கோயிலிலை நிண்டு காணி கிடைக்கவேணும் எண்டு கும்பிடுறனான்; இப்பெல்லாம் எங்கடை காணியைச் சொல்ல வாய் திறந்தால், அவையின்ரை காணிதான் முதல்லை வருது.