கிணற்று விதியின் கடைசி வரி

அந்தக் கடைசி வரியை நான் ஏன் விட்டேன்?

காகிதம் போதாமலா? நேரம் போதாமலா? அல்லது, "எவ்வளவு கச்சிதமாக எழுதுகிறாள்!" என்று யாராவது சொல்லட்டும் என்ற ஆசையிலா? மூன்று வாரமாக என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். தினம் ஒரு பதில் வருகிறது. எது உண்மை என்றுதான் தெரியவில்லை.

இந்தப் பத்தியை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். மரவள்ளி மாவில் இட்லி ஊற்றி, அது இட்லியாகவும் வராமல் ரப்பராகவும் வராமல் நின்ற கதையை எழுதினேனே... அவள்தான். இரக்கப்பட்டு ஆறு பேர் பக்குவம் எழுதி அனுப்பினீர்கள். இந்த வாரக் கதைக்கு அப்படிப் பக்குவம் உண்டா, தெரியவில்லை.

மலாக்காவில் ஓர் ஆபீசில் நான் கிராணி. எந்த ஆபீஸ் என்பது வேண்டாம். பள்ளியில் படித்த ஆங்கிலமும் டைப் அடிக்கத் தெரிந்த விரல்களும் வாங்கிக் கொடுத்த குமாஸ்தா வேலை. வேலையோடு கொஞ்சம் அரிசியும் கிடைக்கும். இந்த நாளில் அரிசி கிடைக்கும் வேலையை யாரும் வேலை என்று சொல்வதில்லை. அதிர்ஷ்டம் என்கிறார்கள்.

ஜப்பானியர் வந்த பிறகு ஊருக்கு ஒரு புதிய திட்டம் வேண்டும் என்றார்கள். கடைத்தெரு, சந்து, வாய்க்கால், கிணறு, காய்கறித் தோட்டம் — எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே முழுத் திட்டம். அதற்கு முன்னால் வெள்ளைக்காரன் காலத்து விதிகளை ஒன்றுவிடாமல் படிக்க வேண்டும். எதை வைத்துக்கொள்ளலாம், எதை மாற்றலாம், எதை எடுத்துவிடலாம் என்று பட்டியல் போட வேண்டும். நான்கு கட்டு பைல்கள் என் மேசைக்கு வந்து சேர்ந்தன.

ஆங்கிலத்தில் இருப்பதைச் சுருக்கி மலாயில் எழுத வேண்டும். எதில் எழுதுவது? காகிதம்தான் ஊரிலேயே இல்லையே. பழைய வரைபடங்களின் பின்பக்கத்தைக் கத்தரித்துக் கொடுத்தார்கள். எங்கள் பெரிய கிராணி உஜோங் பாசிரிலிருந்து சைக்கிளில் வரும் போர்த்துகீசிய வம்சத்து யுரேசியர். டியூப் கிடைக்காமல் டயருக்குள் கயிற்றைத் திணித்திருப்பார். அவர் வருவது தெருமுனையிலேயே கேட்கும். அவர் போட்ட சட்டம் ஒன்றுதான்.

"ஒரு விதிக்கு ஒரு வரி, மிஸஸ். ரெண்டாவது வரி எழுதினா, அடுத்த மாசம் உங்க சேலையிலதான் எழுதணும்."

நான் சொன்னதைச் செய்கிறவள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஒரு வரி என்றால் ஒரு வரி.

கிணற்று விதி ஆறு வரி இருந்தது. முதல் வரி — வாய்க்காலை ஒட்டிய கிணறுகளை மூட வேண்டும். நடுவில், எத்தனை அடி, யார் அளப்பது, யார் மூடுவது. கடைசி வரி — உள்ளே கல் கட்டி, சுற்றி மேடை போட்டு, வருடா வருடம் தண்ணீர் சோதிக்கப்பட்டு வரும் கிணறுகளுக்கு இது பொருந்தாது.

நான் எழுதியது: 'வாய்க்காலை ஒட்டிய கிணறுகளை மூட வேண்டும்.' பக்கத்துக் கட்டத்தில்: 'வைத்துக்கொள்ளலாம்.'

அப்போது மத்தியானம். ஆபீஸ் கடிகாரம் தோக்கியோ நேரம் காட்டும். எங்கள் உடம்பு இன்னும் மலாக்கா நேரத்தில்தான் இருக்கிறது. வீட்டில் எட்டு மாதக் கைக்குழந்தை. பால் கட்டி மார்பு கனத்துக்கொண்டிருந்தது. பைலை மூடினால் போதும் என்றிருந்தது. இதையெல்லாம் காரணமாகச் சொல்லவில்லை. சொன்னால் உங்களுக்கு இரக்கம் வரும், எனக்குக் கொஞ்சம் நிம்மதி வரும். இரண்டும் இப்போது வேண்டாம்.

ஏனென்றால், காஜா பெராங்கில் நாங்கள் குடியிருக்கும் சந்திலும் வாய்க்கால் ஓரம் ஒரு கிணறு இருக்கிறது. ஏழு வீட்டுக்கு அது ஒன்றுதான். கல் கட்டு உண்டு. வருடா வருடம் தண்ணீர் சோதனை உண்டு. மேடை உண்டு. அந்த மேடையில் உட்கார்ந்துதான் குழந்தைத் துணி துவைக்கிறேன். அந்த விதியைப் படித்தபோது அது ஞாபகம் வந்ததா? வந்தது என்றுதான் நினைக்கிறேன். அதுதான் பயமாக இருக்கிறது.

பட்டியல் மேலே போயிற்று. ஜப்பானிய அதிகாரி பக்கங்களைப் புரட்டிவிட்டு ஒருமுறை தலையாட்டினாராம். "தந்தி மாதிரி எழுதியிருக்கீங்க, மிஸஸ்" என்றார் பெரிய கிராணி. அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குக் கால் தரையில் படவில்லை.

இனி பீபியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு மீனாட்சி பீபி; அவர்கள் பேச்சில் பீபி என்றால் அத்தை மாதிரி. மலாக்கா செட்டிக் குடும்பம். சாமி நம் சாமி, பெயர் நம் பெயர், பேச்சு மட்டும் மலாய். நான் ஆபீஸ் போகும் நேரமெல்லாம் என் மகள் அவர் இடுப்பில்தான் இருப்பாள். கேட்டுக்கொண்டு வந்த உதவி இல்லை. முதல் நாள் நான் வாசலில் தயங்கி நின்றபோது, அவரே வந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, "போ, போ, மணியாச்சு" என்று விரட்டினார். அவ்வளவுதான்.

(பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவரும் பெரிய கிராணியும் சொன்னதைத் தமிழில் தருகிறேன். பீபியின் பேச்சில் ஒட்டிக்கொண்டு வரும் 'லா'வை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன். அது இல்லாவிட்டால் அது பீபியே இல்லை.)

பட்டியல் போய் இரண்டு மாதம் இருக்கும். ஒரு சாயங்காலம் சந்துக்குள் நுழைகிறேன். கிணற்றின் வாய்மேல் பலகை. பலகைமேல் ஒரு காகிதம். பீபி குழந்தையோடு ஓடிவந்தார்.

"பாரு லா, சரோ! ரெண்டு பேர் வந்தாங்க. டேப்பைப் பிடிச்சு அளந்தாங்க. ஒரு வார்த்தை பேசல. டக்கு டக்குன்னு ஆணி அடிச்சிட்டாங்க. இந்தக் கிணறு அவனுங்களை என்ன பண்ணிச்சு? பேப்பரைக் காட்டுறான்... எனக்கு எழுத்து தெரியுமா? நீ படிச்சவ, படி."

படித்தேன். புதிய திட்டத்தின்படி இந்தக் கிணறு மூடப்படுகிறது. இரண்டு வாரத்தில் மண் கொட்டி நிரப்பப்படும். அதற்கு மேலே விதி. 'வாய்க்காலை ஒட்டிய கிணறுகளை மூட வேண்டும்.' என் வாக்கியம். ஓர் எழுத்து மாறவில்லை.

"என்ன லா எழுதியிருக்கு?"

"மேலேயிருந்து வந்த உத்தரவு, பீபி."

மேலே என்றால் என் மேசை.

அன்றிலிருந்து தண்ணீர் பெரிய சாலைக் குழாயில்தான். காலையில் கொஞ்ச நேரம் திறப்பார்கள். தள்ளுமுள்ளு, வாய்ச்சண்டை. பீபிக்கு முழங்கால் வலி. ஒரு வாளி கொண்டுவர மூன்று இடத்தில் இறக்கி வைப்பார். என் வீட்டுக்காரர் புக்கிட் பாருவில் காய்கறிப் பாத்தி வெட்டப் போகும் முன் இரண்டு வாளி இழுத்து வைப்பார். எனக்கு ஆபீசில் குழாய் இருக்கிறது. ஒரு பாட்டில் நிரப்பிக்கொண்டு வருவேன், யாரும் பார்க்காமல்.

நான்காம் நாள் பீபி மற்ற வீட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"சரோ, ஒரு மனு எழுது. நம்ம சந்துல பேனா பிடிக்கிறவ நீ ஒருத்திதான்."

எழுதினேன். எத்தனை குழந்தைகள், எத்தனை கர்ப்பிணிகள், எவ்வளவு தூரம் நடக்கிறோம், கருணை காட்டுங்கள்... உருக உருக எழுதினேன். அந்தக் கிணற்றுக்குப் பழைய விதியிலேயே விலக்கு இருக்கிறது என்ற ஒன்றை மட்டும் எழுதவில்லை. எழுதினால், அது பட்டியலில் ஏன் இல்லை என்று கேட்பார்கள். பட்டியலின் கீழே என் பெயர் இருக்கிறது. பெண்கள் எல்லாரும் பெருவிரல் ரேகை வைத்தார்கள்.

மனு எங்கே வந்தது தெரியுமா? மறுநாளே என் மேசைக்கு. பெரிய கிராணி பட்டியலைப் பார்த்துவிட்டு, "விதியில விலக்கு இல்ல. பதில் அடிங்க, மிஸஸ்" என்றார்.

அடித்தேன். 'விதியில் விலக்கு இல்லை.' என் கையாலேயே அடித்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, நானே பீபிக்குப் படித்தும் காட்டினேன்.

ஒரு மனுஷி எவ்வளவு தாழ முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

"பரவாயில்ல லா" என்றார் பீபி. "நீ உன்னால முடிஞ்சதைச் செஞ்ச."

அடுத்த நாள் ஞாயிறு. பீபி வீட்டுப் பின்கட்டில் என் மகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். தலைக்கு ஊற்றி, கழுத்து மடிப்பெல்லாம் தேய்த்து, முழுக் குளியல். பக்கத்தில் காலி வாளி.

"உங்களுக்கு?" என்றேன்.

"எனக்கென்ன, ஈரத்துணியால துடைச்சுக்குவேன். பிள்ளைக்கு வேர்க்குரு போடுது பாரு."

நான் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நான் சொன்னதையெல்லாம் என் வீட்டுக்காரர் கேட்டார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"சொன்னா வேலை போகும். சொல்லாட்டி உனக்குச் சோறு இறங்காது. எது போனா பரவாயில்லைன்னு நீயே பாத்துக்க லா."

கேலி மாதிரிதான் சொன்னார். ஆனால் எழுந்துபோய் அரிசிப் பானையைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார்.

திங்களன்று பழைய பைலைக் கையில் எடுத்துக்கொண்டு பெரிய கிராணி முன்னால் நின்றேன். மண் வண்டி வர இன்னும் ஒரு வாரம். கடைசி வரியை விரலால் காட்டினேன்.

"இதை நான் விட்டுட்டேன், சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்பவும் போட்டுக்கொண்டு படித்தார்.

"வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"வீட்டுக்காரர்கிட்ட."

"சரி, வீட்டுக்காரரை விடுங்க. மெதுவாப் பேசுங்க." கதவுப் பக்கம் பார்த்தார். "நீங்க எழுதல. நான் பைலோட ஒத்துப் பாக்காமலே கையெழுத்துப் போட்டேன். நாம ரெண்டு பேரும் சேர்ந்துதான் அந்தக் கிணத்தை மூடியிருக்கோம், மிஸஸ்."

அன்று முழுக்க நான்கு கட்டு பைலையும் மறுபடி பிரித்தோம். இன்னும் இரண்டு விதிகளில் விலக்கு சொல்லும் கடைசி வரியை விட்டிருந்தேன். ஒன்று, தெங்கேராவில் சாலை ஓரம் பலகாரம் விற்கிறவர்களைப் பற்றியது. அவர்களை ஏற்கெனவே கிளப்பிவிட்டிருந்தார்கள். அவர்கள் யார், இப்போது எங்கே விற்கிறார்கள்? எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் என்னைத் தெரியாது. அது எனக்கு வசதியாக இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்று புரிந்தது. எந்த விதிக்கும் முதல் வரி ஊருக்காக எழுதப்படுகிறது. கடைசி வரிதான் அங்கே குடியிருக்கிறவர்களுக்காக. முன்னொரு காலத்தில் யாரோ ஒரு சந்துப் பெண் போய் நின்று, சண்டை போட்டு, அழுது, அந்தக் கடைசி வரியை வாங்கியிருப்பாள். அதை நான் காகிதம் மிச்சம் பிடிப்பதற்காக விட்டேன்.

திருத்தம் மேலே போயிற்று. அதன் தலைப்பில் பெரிய கிராணி எழுதியது: 'தெளிவுக்காகச் சேர்க்கப்படுகிறது.' தவறு என்ற சொல்லே அதில் இல்லை. அதையும் நான்தான் டைப் அடித்தேன். நான்கு நாள் வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் பைலுக்குள் தலையைக் குனிந்துகொண்டேன். வெள்ளிக்கிழமை அதிகாரி தலையாட்டினார். இந்த முறையும் ஒரே ஒரு தலையாட்டல்தான்.

சனிக்கிழமை அதே இரண்டு பேர் வந்து ஆணியைப் பிடுங்கினார்கள். சந்தே கூடிவிட்டது. பீபி கிணற்று மேடையைக் கழுவி, மஞ்சள் வைத்து, சூடம் ஏற்றினார். அதற்கப்புறம்தான் எனக்கு உண்மையான தண்டனை ஆரம்பமாயிற்று.

"பார்த்தீங்களா! எங்க சரோ எழுதின மனு! முதல்ல முடியாதுன்னான். அப்புறம் படிச்சுப் பார்த்திருக்கான், மனசு இளகியிருக்கு. லாயர் மாதிரி எழுதியிருக்கா லா!"

ஏழு வீட்டிலும் போய்ச் சொன்னார். சாலைக் குழாயடியிலும் போய்ச் சொல்லியிருக்கிறார். இப்போது அடுத்த சந்திலிருந்துகூட என்னிடம் மனு எழுதக் கேட்டு வருகிறார்கள். வழியில் பார்க்கிறவர்கள், "லாயரம்மா" என்று கும்பிடுகிறார்கள். நான் சிரிக்கிறேன்! சிரிக்காமல் என்ன செய்வது?

சொல்ல வாயெடுத்தேன், இரண்டு முறை. முதல் முறை குழந்தை அழுதாள். இரண்டாம் முறை யாரும் அழவில்லை. நான்தான் அழ வைக்கலாமா என்று குழந்தையைப் பார்த்தேன்.

இங்கே இதைத் தமிழில் எழுதுவதும் ஒரு கோழைத்தனம்தான். இந்தப் பத்திரிகையைப் பீபி படிக்க மாட்டார். பெரிய கிராணிக்கும் தமிழ் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். உங்களில் யாராவது எங்கள் சந்தில் இருந்தால்... தெரியவில்லை. அவர்களே சொல்லிவிட்டால் நல்லது என்றுகூட ஒரு மனசு நினைக்கிறது.

கிணற்றைத் திறந்த அன்று, முதல் தண்ணீரை ஒரு பித்தளைச் செம்பில் எடுத்து வந்து பீபி என் கையில் கொடுத்தார். "பிள்ளைக்கு ஊத்து" என்றார். ஊற்றினேன்.

எங்கள் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு பிடி கீரை, இரண்டு வாழைப்பழம், ஏதாவது வைத்துத்தான் கொடுப்போம். பீபியின் செம்பு ஐந்து நாளாக என் சமையலறையில் கழுவிக் கவிழ்த்தபடி இருக்கிறது. அதில் கீரையை வைத்துக் கொடுத்துவிடலாம், சுலபம். செம்போடு உண்மையையும் சேர்த்துக் கொடுத்தால், மறுநாள் காலை அதே கையில் என் மகளைக் கொடுக்க எனக்கு முகம் இருக்குமா? அவருக்கு வாங்க மனம் இருக்குமா?

நீங்களாக இருந்தால் எதை வைத்துக் கொடுப்பீர்கள்? தயவு செய்து எழுதுங்கள். பீபி இன்னும் செம்பைக் கேட்கவில்லை.