பிரைமர் அண்ணன் வீட்டுக் குளியலறை

பெயிண்ட் கடையில் அவருக்குப் பிரைமர் அண்ணன் என்றுதான் பெயர். பெயிண்டுக்கு முன் அடிக்கும் அந்த அடிப்பூச்சு வேண்டாம் என்று சொல்லும் வாடிக்கையாளரை அவர் லேசில் விடமாட்டார்.

அவர் வீட்டுக் குளியலறையில் ஒரு சுவர் சிமெண்ட் பூச்சு, ஒன்று பலகை, இன்னொன்று வழுவழுப்பான பழைய டைல்ஸ். மூன்றையும் ஒரே நீலத்துக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று விடுமுறையில் களத்தில் இறங்கினார். சிமெண்டையும் பலகையையும் உப்புத்தாளால் தேய்த்துப் பிரைமர் அடித்தார். டைல்ஸுக்கு வந்தபோது தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. நேராகப் பெயிண்டையே எடுத்துவிட்டார்.

"இதைத் தேய்க்க வேணாமா? பிரைமர்கூட அடிக்கலையே?" என்றாள் மனைவி.

"பெயிண்ட் விக்கிறவனுக்கே பாடம் நடத்துறியா? எல்லாம் நிக்கும், போ."

நின்றது, மாமனார் வந்து வெந்நீரில் குளிக்கும்வரை. சோப்பு நுரையில் கால் வழுக்க, மனிதர் சுவரில் கையை ஊன்றியிருக்கிறார். பாலாடை போல உரிந்த நீலத்தைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தார்.

"மாப்பிள்ளை, உங்க சுவர் கையோட வந்துருச்சு."

மனைவி துடைப்பத்தை எடுத்துவந்து கணவர் கையில் கொடுத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் கடையில் ஒருவர் முகத்தைச் சுளித்தார். "டைல்ஸுக்குமா பிரைமர்? சும்மா தலையில கட்டப் பாக்குறீங்க."

அண்ணன் டைல்ஸிலிருந்து உரிந்துவந்த அந்த நீலப் படலத்தை எடுத்து மேசைமேல் விரித்தார். "பிரைமர் இல்லாம அடிச்சதுங்க இது."

"எந்த மடையன் அடிச்சான்?"

"தெரிஞ்சவர்தான். நல்ல மனுஷன், ஆனா பொண்டாட்டி சொன்னா கேக்கமாட்டார்" என்றபடி, நகக்கண்ணில் இன்னும் போகாத நீலத்தை மேசைக்கடியில் மறைத்துக்கொண்டார்.