சைப்ரஸுக்கு வரப்பு கட்டியவன்

நாங்கள் வயல்காரர்கள். தண்ணீர் தேங்கி நிற்பதைப் பார்த்தால்தான் எங்களுக்கு நிம்மதி. அதனால் ஊட்டியிலிருந்து ஆசையாக வாங்கிவந்து, சங்கரன்கோவில் வீட்டுச் சுவரோரம் நட்ட சைப்ரஸ் மரக்கன்றுக்கும் சுற்றி வரப்பு கட்டித் தண்ணீர் நிறுத்தினேன். கோடையில் அது தாங்கிக்கொண்டது. ஐப்பசி மழையிலும் நான் விடவில்லை. நுனியெல்லாம் பழுப்பேறியது. தாகமாக்கும் என்று இன்னும் ஊற்றினேன்; இன்னும் கருகியது.

உடனே என் மூளை அடுத்த வீட்டுக்குப் போயிற்று. செல்லம்மக்கா சுவருக்கு அந்தப் பக்கம் துணி துவைப்பார்.

“உங்க சோப்புத் தண்ணிதான் என் மரத்தைக் கொல்லுது!” என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

அக்கா அன்றைக்கே துவைக்கிற கல்லைக் கொல்லைக்கு மாற்றினார். என்னோடு பேச்சையும் நிறுத்தினார்.

கல் போயும் மரம் தேறவில்லை. கார்த்திகையில் ஒருநாள் லேசாக அசைத்தேன், கையோடு வந்துவிட்டது. வேரெல்லாம் அழுகிச் சேற்று நாற்றம். மரத்தைக் கட்டிப்பிடித்தபடி நான் நிற்க, சுவருக்கு மேல் அக்காவின் தலை.

“ஏலே, மரம் வளத்தியா, நெல்லு போட்டியா?”

“தப்பு என் மேலதான்க்கா. கல்லை நானே தூக்கிப் பழைய இடத்துல போடுதேன்.”

“நீ ஒத்தையில தூக்கி முதுகை ஒடிச்சிக்கிடாத. அதுக்கும் என் சோப்பைத்தான் சொல்லுவ!”

தெரு சிரித்தது. எனக்குத் தலை நிமிரவில்லை.

இப்போது புதுக் கன்று வைத்திருக்கிறேன், வரப்பில்லாமல். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் வேர்வரை இறங்க ஊற்றுகிறேன். கோடையில் அடிக்கடி தேவைப்படுகிறது; மழைக்காலத்தில் வாளியையே தொடுவதில்லை. கன்று எவ்வளவு வாடினாலும், அந்த விரலை அடுத்த வீட்டுப் பக்கம் நீட்டுவதில்லை.