வானுக்கும் சேர்த்துப் போட்ட சிவப்புக் கோடு

அந்தக் கார்த்திகையில் ஓரிடத்தில் இருக்க எனக்கு முடியவில்லை. மழை பெய்தால் எழும்பி நடந்தேன். மழை விட்டு வெளித்தாலும் நடந்தேன். வவுனியாவில் நான் தமிழ் படிப்பிக்கிற பல்கலைக்கழகத்தின் தாழ்வாரம் நீளமானது. அதன் இரண்டு அந்தமும் எனக்குப் போதாமல் இருந்தன. அறைக்குள் மேசையில் ஒரு கட்டுரை கிடந்தது. என்னை அப்படி நடக்க வைத்தது அதுதான்.

'எனது ஊரின் மழைக்காலம்.' தலைப்புக் கொடுத்தது நான். எழுதியவள் மூன்றாம் வருடப் பிள்ளை. பூவரசங்குளத்துக்கு அங்கால், ஒரு சின்னக் குளத்தின் கீழ் வயல் செய்கிற குடும்பம். மலையகத் தோட்டமொன்றிலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் வந்து காடு வெட்டியவர்கள். இரண்டாம் பக்கத்தில் இந்த வரி இருந்தது:

"மூன்று நாள் மழையின் பின்னர் வானத்திலிருந்து நீர் பாய்ந்தோடியது. மக்கள் அக்கண்கொள்ளாக் காட்சியைக் கண்டு களித்தனர்."

வாசித்தவுடன் சிரித்துவிட்டேன். குளம் நிரம்பி, மிஞ்சின தண்ணீர் கட்டின் தாழ்ந்த வாயால் வழிவதை எங்கள் பக்கத்தில் வான் பாயுது என்போம். வான் பாயுதாம் என்று ஆரும் சொன்னால், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டுச் சைக்கிளை எடுக்கிற சனம் நாங்கள். குளத்தின் கீழ் பிறந்த பிள்ளைக்கு வான் ஒருநாளும் ஆகாயமாகாது. அதை ஆகாயமாக்கியது மழையில் நனைந்தறியாத ஒன்று. போனுக்குள் இருக்கிற ஏஐ.

பக்கத்து அறை விரிவுரையாளரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"நல்ல வேளை, ஆக்கள் ஏத்திற வான் வண்டி எண்டு நினைக்கேல்லை. கொண்டக்டரும் வந்திருப்பான்" என்றார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு மேசை லாச்சியிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். ஏஐ எழுதினதைத் தன் எழுத்தென்று தருகிறவர்களுக்காகத் துறை அச்சடித்த படிவம். மூன்று மணிக்குத் துறைக் கூட்டம். படிவம் அங்கே போனால் அந்தப் பாடம் ரிப்பீட். ரிப்பீட் என்றால் தேவலோகத்துத் தமிழில் எழுதினாலும் சி-க்கு மேல் கிடையாது. முதலாம் கிளாஸ் பட்டத்துக்கு ஒரு சாண் தள்ளி நிற்கிற பிள்ளை அவள். அந்தக் கிளாஸ் போய்விடும்.

'எவ்வாறு கண்டறியப்பட்டது?' என்ற கட்டத்தில் 'வான்' என்று எழுதினேன். அதற்குமேல் பேனை ஓடவில்லை. அவளைக் கூப்பிட்டேன்.

"இது நீர் எழுதினதோ?"

"ஓம் மிஸ்."

"வானத்திலயிருந்தோ தண்ணி பாஞ்சது?"

தாளைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள். அந்த வரியை அவள் அப்போதுதான் முதன்முதல் வாசிக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. உதட்டைக் கடித்தாள். சிரிப்பை அடக்கவோ அழுகையை அடக்கவோ தெரியாது.

"நான்தான் எழுதினன் மிஸ். திருத்தச் சொல்லி ஏஐக்குக் குடுத்தன்."

"ஏன் குடுத்தனீர்? உமக்குத் தமிழ் தெரியாதோ?"

கேட்டிருக்கக் கூடாது. வளாகத்தில் எங்களுக்காக அவள் வைத்திருக்கிற 'ஓம்' அந்த இடத்தில் கழன்று விழுந்து, வீட்டு மலையகப் பேச்சு வந்தது.

"ஆமா மிஸ், தெரியாது. நீங்கதான அப்படி எழுதினீங்க."

பைக்குள்ளிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து விரித்தாள். முதலாம் வருடத்தில் எனக்கு எழுதித் தந்தது. அதே ஊர், அதே மழை. "குளம் வான் பாஞ்சுச்சு. நாங்க எல்லாரும் ஓடினோம்." இரண்டு வசனத்துக்கும் கீழே, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும், ஒரே சிவப்புக் கோடு. ஓரத்தில் என் கையெழுத்து: 'பேச்சு வழக்கு. நல்ல தமிழில் எழுதவும்.'

'பாஞ்சுச்சு' மட்டும்தான் என் கண்ணில் குத்தியிருக்கும். ஆனால் என் கை வானுக்கும் சேர்த்துக் கோடு போட்டிருந்தது.

"இதுல எது கெட்ட தமிழ்னு எனக்குத் தெரியல மிஸ். கோடு முழுசுக்கும் இருந்திச்சு. அதுலயிருந்து எல்லாத்தையும் ஏஐகிட்ட காட்டிட்டுத்தான் உங்ககிட்ட தாறேன்."

அவள் போனை எடுத்தாள்.

"கோவிக்காதீங்க மிஸ். போன கட்டுரைக்கு நீங்க அனுப்பின குறிப்பு இது. 'தங்கள் முயற்சி பாராட்டுக்குரியது. எனினும் ஆழமான பகுப்பாய்வு அவசியம்.' எங்க ரூம்ல நாலு பேர். நாலு பேருக்கும் இதே பாராட்டு. ஒருத்தி அவசரத்துல வெறும் பக்கத்தை அனுப்பிட்டா. அவ முயற்சியும் பாராட்டுக்குரியதாம்."

மாங்குளத்தில் பஸ் ஏறி வவுனியாவில் இறங்குமட்டும் முப்பத்தெட்டுக் கட்டுரைகளை என் போனில் இருக்கிற ஏஐக்குள் போட்டுப் போட்டுக் குறிப்பு எடுத்த காலை அது. யன்னலால் சாரல் அடித்தது. நான் ஒரு கட்டுரையும் வாசிக்கவில்லை. வாசித்ததாக என்னை நானே நம்பவைத்திருந்தேன்.

"படிவம் போகுதா மிஸ்?"

"தெரியேல்லைப் பிள்ளை."

அவள் போன பிறகு மூன்று மணி வரைக்கும் நடந்தேன். கூரைப் பீலியால் தண்ணீர் ஊற்றியது. படிவத்தைக் கிழித்தெறிந்தால் அவள் தப்புவாள், நானும் சத்தமில்லாமல் தப்புவேன். அந்த இரண்டாவது தப்பல்தான் என் கால்களை நிற்கவிடவில்லை.

கூட்டத்தில் படிவத்தையும் ஏஐ எழுதின என் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். "இதில மாணவர் பேருக்கு மட்டும்தான் இடம் இருக்கு. என்ரை பேரை எங்கை எழுதிறது?" என்று கேட்டேன். துறைத் தலைவி கண்ணாடியைக் கழற்றினார். முடிவில், அவள் என் முன்னால் இருந்து கட்டுரையைத் திரும்ப எழுதலாம், முழுப் புள்ளியும் பெறலாம் என்றார். முப்பத்தெட்டுப் பேருக்கும் இரண்டு கிழமைக்குள் நான் என் கையால் குறிப்பு எழுதவேண்டும்.

"அப்ப உங்களுக்கும் ரிப்பீட். சி-க்கு மேல எதிர்பார்க்காதேங்கோ" என்றார் பக்கத்து அறைக்காரர்.

அடுத்த நாள் அவள் என் மேசையின் மறுகரையில் இரண்டு மணித்தியாலம் எழுதினாள். போன்கள் இரண்டும் அலுமாரிக்குள் கிடந்தன. அவள் எழுத எழுத நான் கதிரையை விட்டு எழும்பினேன், இருந்தேன், எழும்பினேன். தாள் கைக்கு வந்தது.

"குளம் வான் பாய்ந்தது. சத்தம் கேட்டு அப்பா சோற்றுக் கோப்பையோடு எழும்பினாங்க."

'எழும்பினாங்க' என்ற இடத்தில் சிவப்புப் பேனை தானாக இறங்கியது. தாளைத் தொட முன் தூக்கிவிட்டேன். முதல் வேலையாகப் புள்ளியைப் போட்டேன். எழுபத்தெட்டு. அவளுடைய கிளாஸ் அவளிடமே இருக்கப் போதுமான புள்ளி. பிறகு கீழே குறிப்பு எழுதத் தொடங்கினேன். 'தங்கள் முயற்சி' என்று எழுதிவிட்டிருந்தது கை.

வெட்டினேன். தலைகீழாக வாசித்துக்கொண்டிருந்தவள் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"வெட்டாதீங்க மிஸ். இப்ப அதுதான உங்க பேச்சு வழக்கு."

பின்னேரப் பஸ்ஸில் மிச்சம் முப்பத்தேழும் மடியில் கிடந்தன. புளியங்குளம் தாண்டியும் முதலாவது கட்டுரைக்கு ஒரு வரி வரவில்லை. போன் பையின் அடியில் கிடந்தது. கை இரண்டு தரம் பைக்குள் போய் வந்தது. கனகராயன்குளத்தில் ஆரோ மணியடித்து இறங்கினார்கள். கட்டுரையை முதற் பக்கத்திலிருந்து திரும்ப வாசிக்கத் தொடங்கினேன்.