தம்பி ஏறிய விமானம்

நாற்பதாவது பிறந்தநாளுக்கு என் கணவர் எனக்கு ஒரு விமானப் பறப்பைப் பரிசாகத் தந்தார். மெல்பேணில், மல்கிரேவிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து காரில் போகும் தூரத்திலேயே சின்ன விமானங்களுக்கான நிலையம் ஒன்று இருக்கிறது. பயிற்றுநர் பக்கத்தில் இருந்தார், நான் விமானத்தைத் திருப்பும் பிடியைப் பிடித்தேன். இறங்கி வந்ததும், "ஆசை தீர்ந்துதோ?" என்று கணவர் கேட்டார். தீரவில்லை. வாரம் முழுக்க மருந்துக்கடையின் வெள்ளை வெளிச்சத்தில் நின்று மாத்திரை எண்ணுகிறவளுக்கு மேலே கண்ட வெளிச்சம் வேறாக இருந்தது. படித்து, பரீட்சை எழுதி, உரிமம் எடுத்தேன். அங்குள்ள பறப்புக் கழகத்தின் நாலு இருக்கை விமானத்தை வாடகைக்கு எடுத்து, ஞாயிறு தேவாலயப் பூசை முடிந்த கையோடு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பறக்கத் தொடங்கினேன்.

கணவருக்கு மேலே போனால் வயிற்றைப் பிரட்டும். ஆனாலும் கடதாசிப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் பின்னால் ஏறி இருப்பார். மகள் அவர் பக்கத்தில். ஓடுபாதையின் அதிர்வு சட்டென்று நின்று, சக்கரம் நிலத்தை விடும். பிறகு வீட்டுக் கூரைகள் சிறுத்துப்போய், நகரை ஒட்டிய கடல் குடா முழுவதும் வெள்ளித்தட்டு மாதிரிக் கிடக்கும். பின்னாலிருந்து கணவர், "வடிவுதான், ஆனா கெதியா இறக்கு" என்பார்.

என் தம்பி பக்கத்து ஊரான டாண்டினோங்கில் இருந்தான், கோழி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. இருவரும் மன்னாரில் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். நான் மாணவ விசாவில் விமானத்தில் வந்து குடியுரிமை எடுத்தேன். அவன் பல வருடம் கழித்து, போர் முடிந்த பிறகு, படகில் வந்தான். அவனுக்குக் கிடைத்தது தற்காலிக விசா. அதை வைத்துக்கொண்டு ஊருக்குப் போனால் திரும்பி வர வழியில்லை. அம்மா மன்னாரில் தனியாக இருந்தார்.

முதல்முறை அவனை விமானத்துக்கு அழைத்தபோது தயங்கினான். அதற்கு முன் ஒரே ஒருதரம்தான் விமானத்தில் போயிருந்தான், படகில் வந்தவர்களை அடைத்து வைக்கும் கிறிஸ்மஸ் தீவு முகாமிலிருந்து இங்கே கொண்டுவந்தபோது. காவலர் இருவருக்கு நடுவில் இருத்தினார்களாம். ஜன்னலைப் பார்க்கவில்லையாம்.

அன்றைக்கு அவனை எனக்கு வலப்பக்கம் இருத்தினேன். பெல்ட்டை நானே போட்டுவிட்டேன்.

"அக்கா, இதில எனக்கும் ஒரு பிடி இருக்கு!"

"ஓம், மேல போன பிறகு தாறன். இறுக்கிப் பிடியாத, முட்டையைப் பிடிக்கிற மாதிரிப் பிடி."

மேலே போய்க் கொடுத்தேன். இடப்பக்கம் திருப்பச் சொன்னேன். இறக்கை சரிந்தது, குடா எங்களை நோக்கி எழும்பி வந்தது, அவன் ஹெட்செட்டில் என் காது நோகும் அளவுக்குச் சிரித்தான்.

"அத்தான், சத்தி எடுத்து அந்தப் பையை நிரப்பிப்போடாதேங்கோ!"

"நீ முன்னால பாத்து ஓட்டடா!" என்று கணவர் கத்தினார். மகள், "மாமா, யூ ஆர் சோ குட்!" என்று அவன் முதுகில் தட்டினாள். பிறகு நீரின் மேலே நீண்ட தூரம் கீழே பார்த்துக்கொண்டே வந்தான். கரை தெரியத் தொடங்கியபோது சொன்னான்: "மேல இருந்து பாக்கேக்க சின்னக் கடல்தான் அக்கா. அதுக்குள்ள படகில கிடக்கேக்கதான் முடியாத மாதிரி இருக்கும்."

மகள் அவனைப் படமெடுத்தாள். ஹெட்செட்டோடு, பல் முழுவதும் தெரியச் சிரிக்கும் படம். இறங்கியதும் அதை அம்மாவுக்கு அனுப்பினாள். நாங்கள் விமானத்தை நிறுத்திக் கயிற்றால் கட்டி முடிப்பதற்குள் அம்மாவின் அழைப்பு வந்துவிட்டது.

"மகன் பிளேன் ஏறிட்டான்! எப்ப வந்து சேருவான்?"

"அம்மா, இது சும்மா சுத்திப் பாக்கிற பிளேன். இதில ஊருக்கு வரேலாது."

"ஏன் வரேலாது? நீதானே ஓட்டுறாய். தம்பியையும் ஏத்திக்கொண்டு வாவன்."

தம்பி போனை வாங்கி விசா விளக்கமெல்லாம் சொன்னான். அம்மா எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றார். அடுத்த நாளே அந்தப் படத்தை எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகக் காட்டியிருக்கிறார். அவனுக்கென்று அறையைக் கூட்டிக் கழுவி வைத்ததாகப் பிறகு அறிந்தேன். ஆனாலும் நாங்கள் பறப்பதை நிறுத்தவில்லை. பிலிப் தீவு வரைக்கும் போய் வந்தோம். அவன் பிடியைப் பிடித்த நாட்களில் விமானம் என் கையில் இருப்பதைவிட நேராகப் போனது. அவன் சந்தோஷமாக இருந்ததை நான் கண்டது அந்த ஞாயிறுகளில்தான்.

அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதானபோது நான் மட்டும் புறப்பட்டேன். தம்பிதான் என்னை விமான நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, பயணிகள் மட்டும் போகலாம் என்ற வாசலில் நின்றான். "போயிட்டு வா" என்றான்.

மன்னார் ஆஸ்பத்திரியில் அம்மா என்னைக் கண்டதும் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"தம்பி பிளேனை நிப்பாட்டிப்போட்டு வாறானோ?"

"ஓம் அம்மா" என்றேன். வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? அடுத்தடுத்த நாட்களில் அறைக்கதவு திறந்தபோதெல்லாம் தலையைத் திருப்பினார். அப்படியே போய்விட்டார்.

அடக்கத்தின்போது நான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் தம்பி தொழிற்சாலையின் கார் தரிப்பிடத்தில், வெள்ளை அங்கியோடும் தலைமுடி வலையோடும் நின்றான். "சனத்தைக் காட்டாத அக்கா, முகத்தைக் காட்டு" என்றான். பெட்டியை மூடும்வரை முகத்தைக் காட்டினேன். பிறகு அவன் வேலைக்குப் போக வேண்டியிருந்தது.

அடுத்த வருடம் அவனுக்கு நிரந்தர விசா வந்தது. என் கணவர் கேக் வாங்கிக்கொண்டு வந்தார். தம்பி கேக்கை வெட்டினான், ஒரு துண்டை மகளுக்கு ஊட்டினான், தன் கையில் இருந்ததைத் திரும்ப வைத்துவிட்டான். "அம்மா இருக்கேக்க தந்திருக்கலாம்" என்றான். அதை யாரிடம் சொல்கிறான் என்று எங்களுக்குத் தெரியவில்லை. விசா அலுவலகத்தில் யாரோ ஒருவர் தம்பியின் கோப்பை ஒரு வருடம் முந்தியே எடுத்துப் பார்த்திருக்கலாம். எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்கவில்லை. யார்மேல் ஆத்திரப்படுவது என்று தெரியாததால் அது அடங்குவதற்கு இடமும் இல்லை.

அவன் ஊருக்குப் போனான். ஒரு மாதம் நிற்பதாகச் சொன்னவன் இரண்டு வாரத்தில் திரும்பினான். எங்கள் வீட்டுக் குசினியில் எனக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான். நான் வைத்த தேத்தண்ணியைக் கையில் எடுத்தான்.

"கல்லறைக்குப் போனனான். நல்லா வைச்சிருக்கினம்."

"பிறகு ஏன் கெதியா வந்தனி?"

"பக்கத்து வீட்டு அன்ரி கேட்டவ, 'கொம்மா உன்ர படத்தைக் காட்டினவ. பிளேனில சிரிச்சுக்கொண்டு இருந்தனி. அங்க சுத்தித் திரிய ஏலும், பெத்தவளைப் பாக்க வரேலாதோ?' எண்டு. ஒழுங்கை முழுக்க அப்பிடித்தான் கதை."

"நீ விளங்கப்படுத்தேல்லையோ?"

"என்னெண்டு விளங்கப்படுத்த? அது ஏறின இடத்திலயே இறங்கிற பிளேன் எண்டோ?"

நான் அழுதேன். அவன் அழவில்லை, என் கோப்பையையும் எடுத்துக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு அவன் எங்களோடு பறக்க வரவில்லை. கேட்கும்போதெல்லாம் "வேலை அக்கா" என்பான். வலப்பக்க இருக்கையில் இப்போது மகள் இருக்கிறாள். நான் பறப்பதை விட்டுவிடுவேன் என்று கணவர் நினைத்தார். நானும் நினைத்தேன். விடவில்லை. போன ஞாயிறு மழை விட்டுக் கழுவின மாதிரியான வானம். குடாவுக்கு மேலே மகள் பிடியை வாங்கித் திருப்பினாள், இறக்கை சரிந்தது, எனக்குள் பழைய சந்தோஷம் கொஞ்சமும் குறையாமல் வந்தது. அது வராமல் இருந்திருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

இறங்கியதும் தம்பிக்குப் போன் எடுத்தேன். பின்னால் இயந்திரச் சத்தம் கேட்டது. ஞாயிறிலும் வேலைக்குப் போயிருந்தான்.

"வடிவா இருந்துதோ?" என்று கேட்டான்.

"ஓம்" என்றேன்.

"காத்து எப்பிடி?"

"மேற்கால, கொஞ்சம்தான்."

"அப்ப இறக்கிறது சுகம்" என்றான். யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். போனை வைத்துவிட்டான்.