லூர்து அக்கா நிற்காமல் ஓடவைத்த பாட்டு

போன வாரம் லூர்து அக்காவின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். அவள் பேசியதெல்லாம் வியட்நாமிய மொழி. அதில் "அம்மா" என்ற ஒரு சொல் மட்டும் தமிழ். அதையே திரும்பத் திரும்பச் சொன்னபோது, அக்கா போய்விட்டார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

சைகோனில் அவரை அறிந்த நாங்களெல்லாம் படுக்கையில் கிடக்கும் அவர் கணவர் லாமை நினைத்துத்தான் கவலைப்பட்டோம். அக்கா முந்திக்கொள்வார் என்று யாரும் நினைக்கவில்லை.

அக்காவுடையது பாண்டிச்சேரிக் குடும்பம், பிறந்தது இங்கே. எழுபத்தைந்தில் போர் முடிந்தபின் சொந்தக்காரர்கள் நாட்டைவிட்டுக் கிளம்பியபோதும் அவர் போகவில்லை. டான் சோன் நாட் விமான நிலையச் சரக்கு அலுவலகத்தில் பல வருடங்கள் எனக்கு அடுத்த மேசை.

லாம் இசையமைப்பாளர். பக்கவாதத்தில் பேச்சு போனபின் தன் பழைய கணினியையே கைகாட்டிக்கொண்டிருந்தார். அதில் அவர் அமைத்த பாட்டு ஒன்று இருந்தது. ஓடவிட்டால் பாதியில் கணினி உறைந்துவிடும். வேகத்துக்காகச் செருகியிருந்த ஆக்சிலரேட்டர் கார்டுதான் காரணம், கழற்றிவிடலாம் என்றேன்.

"கழட்டினா மெஷின் ஓடும், பாட்டு திக்கும். அவருக்குப் பேச்சுதான் போச்சு, பாட்டும் திக்கணுமா தம்பி?" என்றார் அக்கா.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போய் உட்கார்ந்தேன். கார்டின் முனைகளைத் துடைத்தோம், அப்போதும் பாட்டு பாதியில் நின்றது. மெமரியை மாற்றினோம், நின்றது. சூடு என்று நினைத்துச் சின்ன மின்விசிறி வைத்தோம். அப்போதும் நின்றது. எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடலாம் என்றேன்.

"ஒண்ண மாத்து, ஓட்டிப் பாரு. மொத்தமா மாத்தினா நோவு எங்கன்னே தெரியாது."

சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனார். குழாய் வெகுநேரம் ஓடியது. திரும்பியபோது கண்கள் சிவந்திருந்தன.

பிறகு கார்டை விட்டுவிட்டு, பாட்டு ஓடும்போதே மின்சாரம் வரும் கம்பிகளில் மல்டிமீட்டரை வைத்தார். வாத்தியங்கள் ஒன்றாகச் சேரும் இடத்தில் வோல்டேஜ் இறங்கியது.

"கார்டு மேல தப்பே இல்ல தம்பி. அதுக்குப் போற கரண்ட் பத்தல."

பவர் சப்ளையைப் பிரித்தால், உள்ளே கண்டென்சர்கள் தலை உப்பிக் கிடந்தன. சோலோன் கடைத்தெருவில் புதியவை வாங்கிவந்து அவரே ஈயம் வைத்துப் பற்றவைத்தார்.

பாட்டு முழுதாக ஓடியது. கண்மூடிக் கேட்ட லாம் திடீரென்று முகம் சுளித்து, இடது கையால் கட்டிலைத் தட்டினார். மெஷின் நின்றுவிட்டதோ என்று திரும்பிப் பார்த்தேன், ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி ஓட்டினோம், அதே இடத்தில் தட்டி, விரலை மேலே காட்டினார். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அந்த ஸ்வரத்தைத் திரையில் சற்று உயர்த்தினார். லாம் தலையாட்டினார்.

"பாத்தியா, மெஷின ஒண்ணும் சொல்லல. பாட்டுலதான் தப்பு கண்டுபிடிக்கிறாரு!"

லாம் அத்தனை நாளும் கணினியைக் கைகாட்டியது பாட்டைக் கேட்பதற்கு அல்ல, அதை முடிப்பதற்கு. இருவருமாக அதை முடித்தார்கள்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, "பாட்டுலதான் தப்பு" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பு. கட்டிலில் இருந்த லாமும் பாதி முகத்தால் கூடவே சிரித்தார்.