பிரெஞ்சில் எது மேலே, எது கீழே?

இரண்டு பேருக்கு நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்லும் தொழிலைப் போல நன்றி கெட்ட தொழில் வேறு கிடையாது. நீங்களும் அப்படி நின்று வாங்கிக் கட்டிக்கொண்டவர் என்றால் என் வயிற்றெரிச்சல் புரியும். நான் காரைக்காலில் பிரெஞ்சு படித்தவன். யுத்த காலத்தில், காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் பிரெஞ்சுக் கன்னியர் நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் துபாஷி வேலை பார்த்தேன்.

மூக்கில் குண்டு

ஒரு பெண் தன் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். மூக்குக்குள் கண்ணாடி மணி. "எந்த வடிவம்?" என்று கேட்டார் சிஸ்டர். உருண்டை என்றால் இடுக்கியால் தொடக் கூடாதாம், வழுக்கி உள்ளே போய்விடுமாம். நான் "ரோன்" என்றேன். பிரெஞ்சில் வட்டத்துக்கும் அதுதான், உருண்டைக்கும் அதுதான். சிஸ்டர் காசு மாதிரி தட்டை என்று நினைத்து இடுக்கியை எடுத்தார். பதறிப்போய், பந்து மாதிரி என்பதற்கு "பால்" என்றேன். பந்துக்கும் துப்பாக்கிக் குண்டுக்கும் அவர்களுக்கு ஒரே சொல்! சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டு, வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். அதுதானே என் வேலை?

கடைசியில் வளைந்த கம்பியால் மணியை எடுத்துவிட்டார். தாய்க்காரி சிஸ்டரைக் கும்பிட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "புள்ள மூச்சு முட்டிக் கெடக்குது, வூட்டுல துப்பாக்கி இருக்குதான்னு கேக்கறீங்களே, நீங்க ஆஸ்பத்திரிக்காரரா, போலீஸ்காரரா?"

தெஸ்யூ, தெஸூ

பிரெஞ்சில் "தெஸ்யூ" என்றால் மேலே, "தெஸூ" என்றால் கீழே. இப்படி வைத்தவன் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்பேன்.

வத்தல்மலையிலிருந்து ஒருவரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். கோடாலி பாதத்தில் இறங்கியிருந்தது. சிஸ்டர் காயத்தை அழுத்திப் பிடித்தபடி, கட்டுத்துணி எங்கே என்று சொல்ல, அலமாரிக்கு "தெஸ்..." என்று கத்தினார். மீதி அவர் தும்மலில் போய்விட்டது. நான் முக்காலி போட்டு ஏறித் தேடினேன். இல்லை. இறங்கிக் குனிந்தேன். அங்கேதான் இருந்தது. சிஸ்டர் என்னை முறைத்தார். தும்மியது நானா? கட்டிலில் கிடந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "ஏறி எறங்குனது போதுங்க, இங்க ரத்தம் கீழ மட்டுந்தான் போவுது."

நேராக வலது

பிரசவ வலி என்று அவசரமாக ஆள் வந்தது. வந்தவன் மருத்துவச்சியைத் தேடி அப்படியே ஓடிவிட்டான். அந்த வீட்டுக்கு முன்பு போயிருந்த பெரிய சிஸ்டர், புதிதாக வந்த சிஸ்டருக்கு வழி சொல்லி அனுப்பினார். நேராக என்பதற்கு "துருவா", வலப்பக்கம் என்பதற்கு "துருவாத்". புளியமரத்தடியில் புது சிஸ்டர் "துருவாத்" என்றார், என் இரண்டு காதாலும் கேட்டேன். வண்டியை வலப்பக்கம் ஒடிக்கச் சொன்னேன். பாதை காய்ந்த ஏரிக்குள் போய் முடிந்தது. சிஸ்டர் அழுதுவிட்டார். தான் "துருவா" என்றுதான் சொன்னதாகச் சாதித்தார். அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்றோ என்று, வண்டியைத் திருப்பி விரட்டச் சொன்னேன்.

புளியமரத்துக்கே திரும்பி, நேராகப் போய் அந்த வீட்டைச் சேர்ந்தபோது வாசலிலேயே குழந்தையின் அழுகை கேட்டது. மருத்துவச்சி முந்திக்கொண்டிருந்தாள். தாயும் நலம். சிஸ்டர் சந்தோஷத்தில் அங்கேயே மண்டியிட்டார். மாமியார்க்காரி அவரை ஒன்றும் சொல்லவில்லை. வண்டிக்காரர் நடந்ததைச் சொன்னதும் என்னைப் பிடித்துக்கொண்டாள்: "நம்மூரு வழிய நம்மூரு ஆளுங்ககிட்ட கேக்காம, வெள்ளக்காரி பாசையிலதான் கேப்பீங்களாக்கும்?"

அந்த ஆஸ்பத்திரியில் மருந்தும் இலவசம், வசவும் இலவசம். மருந்து நோயாளிகளுக்கு, வசவு முழுக்க எனக்கு.